உப்பளத்து வெயிலும் உழைப்பவர் சிறுநீரகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று கடலோரம் நெடுக உள்ள அளங்களில், கோடை ஏற ஏற விளைச்சலும் ஏறும். அதனால் உடலுக்கு மிகக் கெடுதலான மாதங்களே வேலை மிகுந்த மாதங்களாகவும் அமைந்துவிடுகின்றன. கடந்த சில ஆண்டுகளில் இங்கேயே நடந்த ஆய்வுகள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதை அளத்து வேலை செய்வோரின் குடும்பத்தினரும், கிராம சுகாதாரப் பணியாளர்களும், அளம் நடத்துவோரும் கேட்கக்கூடிய கேள்விகளாகப் பிரித்து இங்கே விளக்கியிருக்கிறோம்.

வானிலை அறிக்கையில் எங்கள் ஊருக்கு 34 டிகிரி என்றுதான் வருகிறது. வேலூரில் 40 டிகிரி. அப்படியிருக்க எங்களுக்கு எப்படி அதிக ஆபத்து?

வானிலை நிலையத்தின் வெப்பமானி வெயிலில் இருப்பதில்லை. காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து உயர்த்தி, நிழலில் வைக்கப்பட்டிருக்கும். அது காற்றின் வெப்பத்தைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் பாத்தியில் குனிந்து உப்பு வாருகிறவரின் உடலில் ஏறும் வெப்பம் காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. தலைக்கு மேலிருந்து வெயில் அடிக்கிறது. அதே வெயில் வெள்ளை உப்பின் மீது பட்டுக் கீழிருந்து முகத்துக்கும் நெஞ்சுக்கும் திரும்பி வருகிறது. உழைக்கும் தசைகள் தங்கள் பங்குக்கு உள்ளிருந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. இவ்வளவையும் வெளியேற்ற உடலுக்கு இருக்கும் முதன்மையான வழி வியர்வை உலர்வதுதான். கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராமல் வழிந்து போகிறது. வழிந்து வீணாகும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது.

அப்படியானால் வேலையிடத்து வெப்பத்தை ஆய்வாளர்கள் எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

மூன்று வெப்பமானிகள் கொண்ட ஒரு கருவியைக் கொண்டு அளக்கிறார்கள். முதலாவது, சாதாரண வெப்பமானி. இரண்டாவது, நனைத்த துணி சுற்றிய குமிழுடையது. வியர்வை எந்த அளவுக்கு உலர முடியும் என்பதை இது காட்டும். மூன்றாவது, கறுப்பு நிறக் கோளத்துக்குள் வைத்தது. வெயிலின் நேரடித் தாக்கத்தை இது காட்டும். இம்மூன்றையும் சேர்த்துப் பெறும் எண்ணை ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்பார்கள். 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் வெப்பத்தால் சாய்வதைத் தடுக்க உருவான முறை இது. இன்று பன்னாட்டுத் தர அமைப்பின் தொழிலிட வெப்ப வரம்புகளும் இதன் அடிப்படையிலேயே அமைந்துள்ளன.

வெட்டவெளியில் கணக்கு இப்படி: ஈரக்குமிழ் அளவில் 70 விழுக்காடு, கோள அளவில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பத்தில் 10 விழுக்காடு. விளக்கத்துக்காக இரண்டு இடங்களைக் கற்பனை செய்து கொள்வோம். உள்மாவட்டத்தில் ஒரு வறண்ட நாள்: காற்று 40, ஈரக்குமிழ் 23, கோளம் 52. கணக்கிட்டால் 30.5 வருகிறது. கடலோரத்தில் ஒரு புழுக்கமான நாள்: காற்று 34, ஈரக்குமிழ் 29, கோளம் 48. கணக்கிட்டால் 33.3 வருகிறது. செய்தியில் 6 டிகிரி குறைவாகத் தெரிந்த இடம், உடலின் கணக்கில் ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகிவிடுகிறது.

இந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுவது? வெப்பத்துக்குப் பழகிய, நல்ல உடல்நலமுள்ள ஒருவர் மிதமான உழைப்பைத் தொடர்ந்து செய்ய 28 டிகிரி வரையும், கடும் உழைப்பைச் செய்ய 26 டிகிரி வரையும் தகும் என்பது பன்னாட்டு வரம்பு. இதைத் தாண்டினால் வேலையே கூடாது என்று பொருளில்லை. இடையிடையே ஓய்வு இல்லாமல் கூடாது என்று பொருள். நம் கடலோரத்தில் கோடைப் பகற்பொழுதின் பெரும்பகுதி இந்த வரம்புக்கு மேலேதான் கழிகிறது.

தமிழ்நாட்டு உப்பளங்களில் உண்மையிலேயே ஆய்வு நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு, 2017 முதல் 2020 வரையிலான காலத்தில் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. வேலையிடத்தின் வெப்பம், வேலையின் கடுமை, இதயத் துடிப்பு, உடலின் உள்வெப்பம், சிறுநீரின் அடர்த்தி ஆகியவற்றோடு இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; வடிகட்டும் திறன் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு ஏறும்) பார்க்கப்பட்டது. ஆராயப்பட்டவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 7 விழுக்காட்டினரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

இதில் முதல் எண் அளத்தில் நின்றவர் எவருக்கும் வியப்பளிக்காது. இரண்டாவது எண்ணின் நிலை வேறு. சிறுநீரகம் தேய்வது வலிக்காது, வெளியே தெரியாது. இரத்தத்தை எடுத்துப் பார்க்காதவரை அந்த 7 விழுக்காட்டினர் எல்லோரையும்போல வேலைக்கு வந்து போய்க்கொண்டிருப்பவர்கள்தாம்.

அந்த 7 விழுக்காடு வெப்பத்தால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

முடியாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவதே நேர்மை. ஒரு குறிப்பிட்ட காலத்தில் எடுத்த அளவைக் கொண்டு, வெப்பமும் குறைந்த சிறுநீரகத் திறனும் ஒரே ஆட்களிடம் சேர்ந்து காணப்படுகின்றன என்று சொல்லலாமே தவிர, ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்கியது என்று முடிவுகட்ட முடியாது. தவிர, நாள்பட்ட சிறுநீரக நோய் என்று மருத்துவர்கள் பெயரிடுவதற்கு, குறைபாடு 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். கடும் வெயிலில் உழைத்து உடல் வறண்டிருக்கும் நேரத்தில் எடுக்கும் இரத்தத்தில் கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறியிருக்கலாம். நான்கு நாள் ஓய்வில் அது இறங்கியும் விடலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. உடல் தளர்ந்து வேலையை விட்டுப் போனவர்கள் வேலையிடத்தில் எடுக்கும் கணக்கில் வருவதில்லை. எனவே அளத்தில் எடுத்த எண், அளத்து வேலை விளைவித்த கேட்டைக் குறைத்துக் காட்டுவதற்கும் இடமிருக்கிறது. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்ப்பதுதான் இரண்டு ஐயத்தையும் தீர்க்கும் வழி. செலவும் பொறுமையும் வேண்டிய வேலை அது.

வெயில் தோலைத்தானே சுடுகிறது, சிறுநீரகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உடல் சூடேறும்போது, வெப்பத்தை வெளியேற்றுவதற்காக இரத்தம் தோலை நோக்கிப் பெருமளவு திருப்பிவிடப்படுகிறது. உழைக்கும் தசைகளும் தங்கள் பங்கைக் கேட்கின்றன. அந்நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. அதே வேளையில் மணிக்கு 1 லிட்டரோ அதற்கும் மேலோ வியர்வை வெளியேறுவதால் இரத்தத்தின் கொள்ளளவும் சுருங்குகிறது. இருக்கும் நீரைக் காப்பாற்றச் சிறுநீரகம் சிறுநீரை மேலும் மேலும் இறுக்குகிறது. அதிக உழைப்பில் சிதையும் தசையிலிருந்து வரும் கழிவும், கூடும் யூரிக் அமிலமும் அந்த இறுகிய சிறுநீரில் சேர்ந்து, சிறுநீரகத்துக்குள் சிறுநீர் ஓடும் நுண்குழாய்களை உறுத்துகின்றன. ஒரு நாள் இப்படி ஆனால் உடல் சரிசெய்துகொள்ளும். காயம் ஆறுவதற்குள் மறுநாளும் அதே வெயிலில் இறங்கி, அதுவே மாதக்கணக்கில், பருவம் பருவமாகத் தொடர்ந்தால் தழும்பு தங்கிவிடும் என்பதே இன்று பல ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடுப்பு வலிக்கும் முட்டி வலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள், உடல் வறண்டிருக்கும் நிலையில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கக்கூடியவை. "வலி ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனேன்" என்று ஒருவர் சொல்லும்போது, கேட்கிற சுகாதாரப் பணியாளர் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரை நிறையக் குடித்தால் போதாதா?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

குடிக்கத்தான் வேண்டும். கடும் வெயிலில் 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு தம்ளர், அதாவது ஏறத்தாழ 250 மில்லி என்பது பொதுவான பரிந்துரை. தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதைவிட இது நல்லது. பல மணி நேரம் வியர்த்தபின் வெறும் நீரை மட்டும் மிக அதிகமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரலாம் என்பதால், உப்பிட்ட நீர்மோரோ, கஞ்சித்தண்ணீரோ, உணவோ இடையில் சேர வேண்டும். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ ஏற்கெனவே உள்ளவர்கள் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் மைல் கணக்கில் விரிந்த வெட்டவெளியில், மறைவுக்கு ஒரு மரம்கூட இல்லாத இடத்தில், பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டால் விடை ஒன்றுதான்: குடித்தால் எங்கே போவது? மேலே சொன்ன அதே குழு 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பல்வேறு தொழில்களில் உள்ள 300க்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைக் கேட்டறிந்தது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரைத் தவிர்ப்பதும், சிறுநீரை அடக்குவதும், அதன் விளைவான சிறுநீர்ப்பாதைத் தொல்லைகளும் அவர்களில் பெரும்பாலானோரிடம் காணப்பட்டன. மாதவிடாய் நாட்களில் இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது.

ஆகவே, "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற சுவரொட்டியைக் கழிப்பறை இல்லாத இடத்தில் ஒட்டுவது, அடுப்பில்லாத வீட்டில் சமையல் குறிப்பைக் கொடுப்பது போன்றதாகிவிடுகிறது. வெப்பத்தைப் பற்றிய ஆய்வு கழிப்பறையில் வந்து நிற்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். களத்தில் கேட்டால்தான் இது தெரிய வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறையும், பாத்தியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கழிப்பறையும் இந்தக் கணக்கில் இல்லாத கழிப்பறைகளே.

கருவுற்ற பெண்கள் இந்த வேலையைச் செய்யலாமா?

தமிழ்நாட்டில் 2017இல் தொடங்கி 800 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. இதையும் ஸ்ரீராமச்சந்திரா குழுவே நடத்தியது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் செங்கல் சூளை, உப்பளம், வயல் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் உழைத்தவர்கள். மற்றவர்கள் ஒப்பீட்டளவில் குளிர்ச்சியான இடங்களில் வேலை செய்தவர்கள். கருச்சிதைவு முதல் பிரிவினரிடம் இரண்டாவது பிரிவினரைவிட ஏறத்தாழ இருமடங்காக இருந்தது.

"செய்யலாமா" என்ற கேள்விக்கு மருத்துவ விடை எளிது: முதல் மாதங்களிலும் இறுதி மாதங்களிலும் வெட்டவெளிக் கடும் உழைப்பைத் தவிர்ப்பதே நல்லது. ஆனால் அந்த நாட்களின் கூலிக்கு மாற்று வழி இல்லாத வீட்டில் அந்த விடையால் பயனில்லை. பேறுகாலத்துக்கு முன்பே நிழலான வேலைக்கு மாற்றிக் கொடுப்பது, உப்பை மூட்டை பிடிக்கும் கொட்டகை வேலையை ஒதுக்குவது போன்றவை அளம் நடத்துவோரின் கையில் இருக்கின்றன.

எங்கள் உடம்பு வெயிலுக்குப் பழகியது. வெயில் எங்களை ஒன்றும் செய்யாது, இல்லையா?

பழக்கம் என்பது உண்மைதான். தொடர்ந்து 1 முதல் 2 வாரம் வெப்பத்தில் உழைத்தால் உடல் சீக்கிரமாக வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, வியர்வையில் உப்பு குறைகிறது, இதயத் துடிப்பு தணிகிறது. ஆனால் அந்தப் பழக்கம் சில வாரம் விலகியிருந்தால் போய்விடும். ஊருக்குப் போய்த் திரும்பியவரும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவரும், புதிதாகச் சேர்ந்த இளைஞரும் முதல் நாளிலேயே முழு வேலை செய்யக்கூடாது. பழகிய உடல் அதிகமாக வியர்ப்பதால் அதற்குத் தண்ணீரும் அதிகமாகவே வேண்டும். பழக்கம் மயக்கம் வராமல் காக்குமே தவிர, சிறுநீரகத்தைக் காக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

விவசாயிகளிடமும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதாகச் செய்தி வந்ததே?

சர்க்கரை நோயோ, நாள்பட்ட இரத்த அழுத்தமோ, வேறு வழக்கமான காரணமோ இல்லாமல் சிறுநீரகம் பழுதடைவது, உலகின் வெப்பமான வேளாண் பகுதிகள் சிலவற்றில் 1990களிலிருந்தே கவனத்துக்கு வந்தது. எல் சால்வடார், நிகராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்கள், இலங்கையின் வடமத்திய மாகாணம், ஆந்திரத்தின் உத்தானம் ஆகியவை அவற்றுள் அறியப்பட்டவை. தமிழ்நாட்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறையினர் 3,000க்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025இல் வெளியிட்ட ஆய்வில், 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டியவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்பதும் தெரியவந்தது.

இலங்கையில் நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைடு, வேளாண் வேதிப்பொருட்கள், கன உலோகங்கள் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டு, எந்த ஒன்றும் தனியாக முடிவாகவில்லை. மத்திய அமெரிக்காவில் வெப்பமும் உழைப்பும் முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றன. ஓர் ஊரின் விடையைத் தூக்கிவந்து இன்னோர் ஊரில் ஒட்டவைப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

வேலை நேரத்தைக் குறைத்தால் கூலி குறையுமே?

நிகராகுவாவின் ஒரு கரும்பு ஆலையில், வெட்டுவோருக்கு நிழலும் நீரும் கொடுத்ததோடு, கட்டாய ஓய்வு நேரத்தையும் படிப்படியாகக் கூட்டினார்கள். ஓய்வு கூடிய பருவங்களில் சிறுநீரகக் காயம் தெளிவாகக் குறைந்தது. நீர் மட்டும் கொடுத்துவிட்டு வேலையின் வேகத்தை அப்படியே விட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. கூலி எடைக்கோ சுமைக்கோ பேசப்படும் இடத்தில், ஓய்வெடுப்பவர் தம் காசிலிருந்தே ஓய்வை வாங்க வேண்டியிருக்கிறது. அங்கே ஓய்வைக் கூலியோடு சேர்த்துப் பேசாவிட்டால் எவரும் உட்காரமாட்டார்கள்.

கேரளத்தில் கோடை மாதங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலையை நிறுத்தித் தொழிலாளர் துறை ஆணை பிறப்பிப்பது வழக்கம். நம் அளங்கள் பலவற்றில் விடியுமுன்பே தொடங்கி நண்பகலுக்குள் முடிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்குகிறது. மழைக்கு ஏற்றுக்கொண்ட கொள்கையைக் கடும் வெயிலுக்கும் ஏற்கலாமே என்று கேட்பதில் தவறில்லை.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டார்களே, அது எங்களுக்குப் பொருந்துமா?

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அவ்வாறு அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்பது அதில் அடங்கும். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோரத்தில் வெப்பம் 37 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் அது வெப்ப அலை. மேலே சொன்ன 34 டிகிரிப் புழுக்கம் இந்த வரையறைக்குள் வராது. ஒரே நாளில் சுருண்டு விழுகிறவரின் இறப்பாவது கணக்கில் ஏற வாய்ப்புண்டு. இருபது கோடைகளில் மெதுவாகச் சிறுநீரகத்தை இழப்பவர் எந்தப் பேரிடர்க் கணக்கிலும் இல்லை.

உள்ளூர் கணக்கு கொள்கையை மாற்றியதும் உண்டு. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தை வாட்டிய வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தது பின்னர் கணக்கிடப்பட்டது. அந்நகரம் 2013இல் கொண்டுவந்த வெப்பச் செயல்திட்டம்தான் பிற நகரங்களுக்கு முன்மாதிரியானது.

ஆய்வு என்று சொல்லி இரத்தம் எடுக்க வருகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

எதற்காக எடுக்கிறார்கள் என்பதைத் தமிழில், புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். மறுக்கவும் இடையில் விலகவும் உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் முடிவு உங்கள் கைக்கு வருமா, எப்போது வரும் என்று கேளுங்கள். அது அளம் நடத்துபவருக்கோ கங்காணிக்கோ பெயருடன் போகாது என்ற உறுதியையும் எழுத்தில் கேளுங்கள். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறது.

இப்போதே சோதித்துக்கொள்ள வேண்டுமானால்?

வீட்டிலேயே தொடங்கலாம். வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் ஒரே தராசில், வியர்வையில் நனைந்த உடையை மாற்றிவிட்டு, எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். 60 கிலோ எடையுள்ளவர் நாள்தோறும் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தே திரும்பினால், குடிப்பது போதவில்லை என்று பொருள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் எளிய சோதனை உண்டு. சர்க்கரை நோயால் வரும் பழுதைக் கண்டுபிடிக்க அது நல்ல வழி. ஆனால் வெப்பத்தோடு தொடர்புடையதாகக் கருதப்படும் பழுது நுண்குழாய்களில் தொடங்குவதால், சிறுநீரில் புரதம் அதிகம் வராமலே வடிகட்டும் திறன் இறங்கியிருக்கலாம். எனவே சிறுநீர்ச் சோதனை நன்றாக வந்தது என்பதோடு நிறுத்தாமல், இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்த மாலையில் கொடுக்காமல், ஒரு நாள் ஓய்வுக்குப் பின் காலையில் இரத்தம் கொடுங்கள். அளத்து வேலை செய்கிறவர் என்பதையும், எடுத்துக்கொள்ளும் வலி மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் 3 மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். முதல் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டாவதை அதோடு ஒப்பிட்டால்தான் மருத்துவரால் எதையும் சொல்ல முடியும்.